மணி வைக்காத தேனீக்கள்

என் பேத்திக்கு ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவள் தொட்டிலில் ஆறு தேனீக்கள் தொங்கின. ஆறையும் பின்னியவன் நான். கையில் அகப்பட்டதை எல்லாம் வாய்க்குக் கொண்டுபோகிற வயது அவளுக்கு. வாய்க்குள் போகவே கூடாத ஒன்றைத் தேனீக்குள் வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறேன் என்பது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை. நான் வாயைத் திறந்தால் சிரிப்பாக்கிவிடுவேன் என்று அவர்களுக்குப் பயம். சிரிக்காமல் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம்.

எல்லாம் கால் ஒடிந்ததில் ஆரம்பித்தது. வீரமாக எங்கும் போய் விழவில்லை. விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடியில் காயப்போட்ட வடகத்தைக் காக்காயிடமிருந்து காப்பாற்றிவிட்டு, வெற்றியோடு இறங்கி வந்தவன், ஒரு படி மிச்சமிருக்கும்போதே தரை வந்துவிட்டதாக முடிவு செய்து காலை வைத்தேன். நான் வேலை பார்ப்பது டைல்ஸ் கடையில். "சார், இதுல தண்ணிய ஊத்திட்டு ஓடுங்க, வழுக்காது" என்று இருபது வருடமாகச் சொல்லி விற்கிறவன். கணுக்காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த என்னைப் பார்க்க வந்த முதலாளி, முதலில் எங்கள் வீட்டுத் தரையைத்தான் தடவிப் பார்த்தார்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். எட்டரைக்குக் கிளம்பினால் நாலரைக்கு வருவாள். நடுவில் நானும் ஊன்றுகோலும் மட்டும். நான் பேச ஆள் இல்லாவிட்டால் வாடிப்போகிற ஜாதி. மூன்றாம் நாளே சுவரில் இருந்த பல்லிக்கு அரசியல் விளக்க ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் அலமாரியின் கீழ்த்தட்டில் அந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது ஆன்லைனில் வாங்கியது. குரோஷா பின்னல் தெரியாதவர்களும் முதல்முறையிலேயே குட்டித் தேனீ பின்னலாம் என்று போட்டிருந்தது. மஞ்சள் நூல், கறுப்பு நூல், இறக்கைக்கு வெள்ளை நூல், நுனியில் கொக்கி உள்ள ஊசி ஒன்று, பிளாஸ்டிக் கண்கள் ஒரு பொட்டலம். பிள்ளை பிறந்தபிறகு பெட்டியைப் பிரிக்க யாருக்கு நேரம்? ஐந்தாம் மாதம் அவள் பேத்தியோடு வாடிப்பட்டிக்கு, புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டி இங்கேயே தங்கிவிட்டது.

செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சொல்லித்தருகிற பெண்ணுக்கு முகமே இல்லை. வெள்ளை மேஜை, அதன்மேல் இரண்டு கைகள், எங்கிருந்தோ வருகிற குரல். முதலில் ஒரு வளையம். அதற்குள் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினெட்டு. அப்புறம் கூட்டாமல் குறைக்காமல் மஞ்சளில் இரண்டு சுற்று, கறுப்பில் இரண்டு சுற்று. "ஆரம்ப வளையத்தை நல்லா இறுக்கி இழுத்துருங்க. இல்லன்னா பின்னாடி ஓட்டை விழுந்துரும்" என்றது குரல். இழுத்தேன். நூல் அறுந்தது. அடுத்ததை அறுந்துவிடாமல் இழுத்தேன். ஓட்டை விழுந்தது.

நான்கு நாள் போராட்டத்துக்குப் பிறகு ஒரு உருவம் வந்தது. எண்ணிக்கொண்டிருக்கும்போது கேஸ் சிலிண்டர்காரர் பெல் அடித்ததால் ஒரு பக்கம் புடைத்திருந்தது. மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுவா தேனீ? பூச்சி விழுந்த கத்திரிக்கா மாதிரில இருக்கு."

"இன்னும் உள்ளுக்குப் பஞ்சு வைக்கல. வச்சா நிமிந்துரும்."

"அப்ப மொதல்ல உங்களுக்கு வைக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெட்டியில் பஞ்சுப் பொட்டலம் மட்டும் காணோம். பச்சைப்பிள்ளை இருந்த வீட்டில் பஞ்சு எப்படித் தங்கும்? சமையலறைப் பரணில் பழைய தலையணை ஒன்று மூலையில் கிடந்தது ஞாபகம் வந்தது. மறுநாள் மனைவி போனபிறகு, ஒற்றைக்காலில் நின்றுகொண்டு ஊன்றுகோலை நீட்டித் துழாவினேன். ரொம்பத் துழாவ வேண்டியிருக்கவில்லை. அது விளிம்புக்கு வந்தே இருந்தது. பொத்தென்று என் தலையில் விழுந்தது. தலையணை தலையைத் தேடி வருவது நியாயம்தான் என்று அப்போது எனக்கு நானே ஜோக் சொல்லிக்கொண்டேன்.

நீலக்கோடு போட்ட கெட்டித்துணி உறை. இலவம்பஞ்சு. இலவம்பஞ்சைக் கையாண்டவர்களுக்குத் தெரியும், ஃபேன் ஓடக்கூடாது, மூச்சுகூடப் பெரிதாக விடக்கூடாது. வீடெல்லாம் பறக்கும். அதனால் ஃபேனை அணைத்து, மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையணையை இன்னொரு போர்வைக்குள் வைத்து, தையலில் கை நுழைகிற அளவு பிரித்துக்கொண்டேன். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சின்னக் கிழிசல், இரண்டு விரல் போகிற அளவில் இருந்தது. எலி வேலை என்று நினைத்தேன். கையை விட்டு, பார்க்காமலே, கொத்துக் கொத்தாக எடுத்துத் தேனீயின் வயிற்றுக்குள் திணித்தேன். அவ்வப்போது விரலில் ஏதோ கடினமாக நெருடியது. இலவம்பஞ்சில் விதை நெருடுவது புதிதா? சின்ன வயதிலிருந்து விதை குத்துகிற தலையணைகளில்தான் தூங்கியிருக்கிறேன். வேறு ஊரில் பிறந்தவனாக இருந்தால், என்னடா இது என்று வெளியே எடுத்துப் பார்த்திருப்பான்.

கத்திரிக்காய்த் தேனீக்குப் பிறகு ஆறு பின்னினேன். ஒன்றைவிட ஒன்று அழகு. ஆறாவதில் மட்டும் ஆரம்ப வளையம் எவ்வளவு இழுத்தும் மூடவில்லை. பின்பக்கம் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. மறுபடி பிரிக்கச் சோம்பேறித்தனம். கறுப்பு நூலில் ஒரு கொடுக்கைப் பின்னி, ஓட்டைக்குள் திணித்து, நாலு தையல் போட்டு மறைத்துவிட்டேன். டைல்ஸ் கடைக்காரனுக்கு ஓட்டையை மறைக்கத் தெரியாதா? மேலூரில் வேலை பார்க்கும் மருமகன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆறையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனார். மகள் அன்று சாயங்காலமே போன் செய்தாள்.

"அப்பா, தொட்டில் கம்புல வரிசையாக் கட்டிட்டேன். உங்க பேத்தி கண்ணெடுக்காமப் பாக்குறா. அத்தை நம்பவே மாட்டேங்குறாங்க, உங்கப்பாவா செஞ்சாருன்னு."

"நம்பச் சொல்லு. இன்னும் கொஞ்ச நாள் கால் ஆறலைன்னா யானையே பின்னிருவேன்."

கத்திரிக்காயை மட்டும் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். கூடத்து ஜன்னல். அந்த ஜன்னல் ஓரம்தான் என் கட்டில். எனக்கு முன்னால் அங்கே அப்பாவின் கட்டில் இருந்தது.

அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கடைசி இரண்டு வருடம் அந்த ஜன்னல் ஓரத்திலேயே படுத்திருந்தார். இரத்தக் கொதிப்புக்கு, நெஞ்சுக்கு, கை நடுக்கத்துக்கு என்று காலையும் ராத்திரியும் மாத்திரை. கொடுத்தவன் நான். கையில் வைப்பேன், தண்ணீர் கொடுப்பேன், "முழுங்கிட்டீங்களா?" என்று கேட்பேன். அவர் குழந்தை மாதிரி வாயை அகலமாகத் திறந்து காட்டுவார். நான் டார்ச் அடிக்கிற பாவனை செய்து உள்ளே எட்டிப் பார்ப்பேன். அவர் வாயை மூடுவார். மூடும்போது பல்செட்டு ஒன்றோடொன்று தட்டி, 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு அந்த வேளை முடிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் அது ஒரு ரசீது மாதிரி. எழவுக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன், "மாத்திரைய மட்டும் ஒரு வேளை தவறவிட்டதில்லண்ணே." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் என் முதுகைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

மருமகன் வந்துபோன மூன்றாம் நாள், மத்தியானம் கரண்டு போனது. ஃபேன் நின்று, ஃபிரிட்ஜ் நின்று, தெருவே ஒரு நிமிடம் மூச்சை அடக்கியது மாதிரி இருந்தது. திண்டுக்கல் ரோட்டிலிருந்து லேசாகக் காற்று வந்தது.

டக்.

நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். மதுரை வெயிலில், கரண்டு இல்லாத மத்தியானத்தில், போர்வை. பக்கத்து வீட்டில் யாரோ சுவிட்சைத் தட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். கரண்டு இல்லாதபோது சுவிட்சை எதற்குத் தட்டுகிறார்கள் என்று உடனே இன்னொரு குரல் கேட்டது. எனக்குள் இருக்கும் இந்த இரண்டாவது ஆளை எனக்குப் பிடிப்பதே இல்லை.

காற்று மறுபடி வந்தது. ஜன்னலில் கத்திரிக்காய்த் தேனீ மெதுவாக அரைவட்டம் திரும்பி, பிளாஸ்டிக் கண்ணால் என்னைப் பார்த்தது. டக்.

ஊன்றுகோலால் அதைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை தொட்டேன். டக். பல்லோடு பல் படுகிற சத்தம்தான். அதில் சந்தேகமே இல்லை. இரண்டு வருடம் தினமும் இரண்டு வேளை கேட்டவனுக்கு அடையாளம் தெரியாதா? நான் என்ன செய்தேன் என்று வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். "முழுங்கிட்டீங்கல்ல, அப்புறம் என்ன?" என்று அதட்டலாகக் கேட்கப் பார்த்தேன். அதைக் கழற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்து மூடிவிட்டேன்.

சாயங்காலம் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தபடி நின்றாள். "ஏங்க, மாவுச் சட்டிக்குப் பக்கத்துல தேனீ என்ன பண்ணுது?"

"வெயிலு தாங்கலையாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதை எடுத்து டிவி மேல் வைத்தாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாள் என்பதல்ல பிரச்சினை. சிரிக்காவிட்டால்? நான் ஊருக்கே வேடிக்கை காட்டுகிறவன். பயந்தால் எப்படிப் பயப்படுவது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

அடுத்த வாரம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. பத்தேகாலுக்கு மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். பேத்தி தொட்டிலில் மல்லாந்து கிடக்கிறாள். மேலே தேனீக்கள் ஆடுகின்றன. அவள் அவற்றைப் பார்த்து நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, டக் என்கிறாள். கொஞ்சம் பொறுக்கிறாள். மேலே ஏதோ ஒரு தேனீயிலிருந்து, டக். அவள் கைகாலை உதறிச் சிரிக்கிறாள். பின்னாலிருந்து சம்பந்தியம்மா குரல்: "அண்ணே உள்ளுக்கு மணி வச்சுத் தச்சிருக்காரு போல. புள்ள அம்புட்டு அழகாப் பதில் சொல்லுது."

நான் எதற்குள்ளும் மணி வைக்கவில்லை.

வீடியோவை ஐந்தாறு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் சிரிக்கிற இடம் தேனீக்கள் இல்லை என்று பட்டது. தேனீக்களுக்குச் சற்றுப் பின்னால், யாரோ குனிந்து பார்த்தால் முகம் இருக்கிற உயரத்தில். பள்ளிக்கூட இடைவேளை மணி பத்தே முக்காலுக்கு. மணியடித்த நிமிடம் மனைவிக்குப் போன் போட்டேன்.

"பரண்ல ஒரு தலகாணி கெடந்துச்சே, நீலக்கோடு, அது யாரோடது?"

"அதுவா? மாமாவோடது. ஏன்?"

"அப்பாவோடதா? அதத்தான் மெத்தையோட சேத்து அன்னிக்கே சுடுகாட்டுக்கு அனுப்பிட்டோமே."

"நாம அனுப்புனது புதுத் தலகாணி. அவரு போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, தலகாணி குத்துது குத்துதுன்னு சொன்னாருல்ல? நீங்ககூட, மகாராஜாவுக்கு மயிலிறகு வச்சுத் தைக்கவான்னு கேலி பண்ணீங்க. நாந்தான் புதுசு வாங்கிப் போட்டுட்டு இதைப் பரண்ல தூக்கிப் போட்டேன். எதுக்குக் கேக்குறீங்க?" அவள் கெட்டிக்காரி. "ஏங்க... அந்தப் பஞ்சையா வச்சீங்க?"

இறந்தவர் படுத்த மெத்தை தலையணை எதுவும் வீட்டில் தங்கக்கூடாது. பாடையோடு போய்விட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, தானாக நடக்கும். நாங்களும் சரியாகத்தான் அனுப்பினோம், தப்பான தலையணையை.

"புள்ள தொட்டில்லயாங்க கட்டிருக்கு? கடவுளே. அவகிட்ட இப்ப சொல்லிராதீங்க. சாயங்காலம் நான் வந்து பேசிக்கிறேன். மணி அடிச்சிட்டாங்க" என்று வைத்துவிட்டாள். வகுப்பில் இருக்கும்போது அவள் போன் பையில் தூங்கும்.

சாயங்காலம்வரை காத்திருக்க நான் ஆள் இல்லை. டிவி மேலிருந்த கத்திரிக்காயை எடுத்தேன். கை நடுங்கியது. கை நடுக்கத்துக்கு அப்பா என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று ஒரு நினைப்பு ஓடியது. கத்திரிக்கோலால் வயிற்றைப் பிளந்து, பஞ்சைத் தாம்பாளத்தில் உதறினேன்.

டக், டக் என்று இரண்டு விழுந்தன. விதை இல்லை. ஒன்று வெள்ளை, நடுவில் கோடு போட்டது. இன்னொன்று ரோஸ் நிறம், பாதி. அந்தப் பாதியை வெட்டியவன் நான். டாக்டர் பாதி போதும் என்றார், நான் பிளேடை வைத்துத் தினமும் இரண்டாக வெட்டினேன். எலி கிழிக்காத கிழிசல் இப்போது புரிந்தது. நாக்குக்கு அடியில் ஒதுக்கி, எனக்கு வாயைத் திறந்து காட்டி, டக் என்று மூடிவிட்டு, நான் திரும்பியதும் எடுத்துத் தலையணைக்குள் செருகியிருக்கிறார். அது நிறைந்து அவர் தலையையே குத்துகிறவரைக்கும்.

அடுத்த நிமிடம் எனக்கு அப்பா ஞாபகமே இல்லை. ஆறு தேனீக்கள். ஆறு மாதப் பிள்ளை. இரத்தக் கொதிப்பு மாத்திரை.

மகளுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. பிள்ளை தூங்கும்போது போனை மௌனமாக்கிவிடுவாள். சம்பந்தியம்மாவுக்குப் போட்டேன்.

"தங்கச்சி, அந்தத் தேனீ எல்லாத்தையும் கொஞ்சம் கழட்டி வச்சிருங்க."

"ஏண்ணே?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாக இருந்தால் சொல்லியிருப்பான். செத்துப்போன எங்கப்பா தலையணை, உள்ளே மாத்திரை என்று வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு: "நூலு சாயம் போகுமாம்."

"போங்கண்ணே, சாயமாவது ஒண்ணாவது. காலையிலருந்து ஒண்ண வாயில வச்சுச் சப்பிக்கிட்டேல கெடக்கா. கொடுக்கப் புடிச்சு இழுத்துப் பிச்சே போட்டுட்டா. ஒரு சொட்டுச் சாயம் போகலையே."

"வாயிலயா? வாயிலருந்து எடுங்க! எடுங்க!"

"எடுத்தா அழுவுறாண்ணே. இருங்க, குக்கரு விசில் விட்ருச்சு."

வைத்துவிட்டாள்.

கைலியும் பனியனுமாக, ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் கத்திரிக்கோல், தலை நிறையப் பஞ்சு. இந்தக் கோலத்தில் திண்டுக்கல் ரோட்டுக்கு நடுவில் நின்று கையை நீட்டினேன். முதலில் வந்த ஆட்டோ கத்திரிக்கோலைப் பார்த்து வேகமெடுத்தது. இரண்டாவது ஆட்டோக்காரர் தைரியசாலி.

"எங்கிட்டுண்ணே?"

"வாடிப்பட்டி. பறக்கணும்."

"கால ஒடிச்சவன வெட்டப் போறீங்களா?"

"நான்தான் ஒடிச்சேன். போப்பா!"

பரவை மார்க்கெட் முன்னால் காய்கறி லாரி ஒன்று பின்பக்கமாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. ரோடு நின்றுபோனது. எனக்குப் புத்தி வந்தது. வெட்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மடியில் செருகியிருந்த போனை எடுத்து, அழுத்தி, காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணே, டிவி ரிமோட்டுல யாருகூடப் பேசுறீங்க?"

அவர் தன் போனைக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டு விழித்தேன். மகள் நம்பரில் முதல் நான்கு எண்தான் எனக்குத் தெரியும். சம்பந்தி நம்பர் அதுவும் தெரியாது. பெற்ற மகளின் நம்பர் தெரியாதவனுக்கு, பத்து வருடத்துக்கு முன் மூடிப்போன ஒரு டைல்ஸ் கம்பெனியின் நம்பர் மனப்பாடமாக இருந்தது. அந்த நம்பருக்குப் போட்டால் யார் எடுப்பார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒருத்தன் யோசித்தான். லாரி நகர்ந்தது. சமயநல்லூர் தாண்டி வயல்வெளி வந்ததும் ஆட்டோ சத்தத்துக்கு நடுவே, கைலி மடிப்புக்குள் ரிமோட்டின் பேட்டரி மூடி ஆடி ஆடித் தட்டிக்கொண்டே வந்தது. டக். டக். அதைக் கழற்றி வயலில் எறிந்துவிட்டேன். அந்த மூடிக்கு இன்றைக்கும் ரப்பர் பேண்டுதான்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தவள், "அய்யோ அண்ணே, என்ன கோலம் இது!" என்றாள். நான் அவளைத் தாண்டி நொண்டிக்கொண்டு ஓடினேன். நொண்டி ஓடுவது எப்படி என்று கேட்காதீர்கள். தொட்டில் கம்பில் ஐந்து தேனீக்கள். ஆறாவது பேத்தியின் கையில், எச்சிலில் நனைந்து, கொடுக்கு இல்லாமல். சுண்டுவிரல் ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது. பிடுங்கினேன். பிள்ளை வீறிட்டது. தூக்கத்திலிருந்து எழுந்த மகள், பஞ்சும் கத்திரிக்கோலுமாகத் தன் பிள்ளைமேல் குனிந்து நிற்கும் ஆளைப் பார்த்து, முதலில் அலறினாள். அப்புறம் "அப்பா?" என்றாள்.

சொன்னேன். எல்லாவற்றையும். ஒரு ஜோக்கும் இல்லாமல் நான் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தரையில் ஒரு வேட்டியை விரித்து, ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒன்றில் ஒரு வெள்ளை. ஒன்றில் இரண்டு ரோஸ் பாதிகள். ஒன்றில் மஞ்சள் படிந்த ஒரு கேப்ஸ்யூல். ஐந்திலும் இருந்தது. ஆறாவதை வெட்ட மகளே வாங்கினாள். அவள் வெட்டுவதற்கு முன் சம்பந்தியம்மா அதைக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். டக். மூன்று பேரும் கேட்டோம். வெட்டினாள். பஞ்சு. மகள் இழை இழையாகப் பிரித்தாள். பஞ்சு மட்டும்தான். ஒரு விதைகூட இல்லை.

தொட்டில் சேலையை உதறினோம். பாயைத் தூக்கினோம். சம்பந்தியம்மா தரையை உள்ளங்கையால் துழாவினாள். இல்லை.

மகள் என்னைப் பார்த்தாள். "ஒரு காரியமாச்சும் விளையாட்டில்லாம செஞ்சிருக்கீங்களாப்பா நீங்க?"

இரண்டு தெரு தள்ளிக் குழந்தை டாக்டர். சின்ன வயதுப் பெண். நான் சம்பந்தி வீட்டுத் தாம்பாளத்தில் கொண்டுபோன மாத்திரைகளைக் கிண்டிப் பார்த்தார்.

"எத்தனை காணோம்?"

"தெரியாது டாக்டர்."

"அதுக்குள்ள இருந்துச்சா இல்லையா?"

"சத்தம் வந்துச்சு டாக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். குட்டிக் கையில் குட்டிப்பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தார். அரைமணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், சாயங்காலம்வரை இங்கேயே இருங்கள், பிள்ளை துவண்டால் உடனே சொல்லுங்கள், மதுரைக்கு அனுப்பிவிடுவேன் என்றார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். பிள்ளை கண்ணை மூடினால் துவள்கிறதா தூங்குகிறதா என்று தெரியாமல் மகள் அதன் பாதத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சுண்டலுக்கும் அது அழுதது. ஒவ்வொரு அழுகைக்கும் எங்களுக்கு உயிர் வந்தது. பயத்தில் எனக்கு ஜோக்காகத் தோன்றும். அன்றும் தோன்றியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மகள் போனிலிருந்து சேதி போயிருந்தது. ஐந்தரை மணிக்கு மனைவி வந்தாள். வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, மகளுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"மிச்சத் தலகாணியப் பூரா கொட்டிப் பாத்தேன். சொம்பு நெறைய இருக்குங்க. அவரு ஒண்ணுகூட முழுங்கல போல."

முதுகைத் தட்டிக்கொடுத்த அந்த ஆளின் கை மட்டும் ஞாபகம் வந்தது. அந்த இடம் சில்லிட்டது.

ஆறு மணிக்கு டாக்டர் கடைசியாகப் பார்த்துவிட்டு, பட்டையைக் கழற்றினார். "ஒண்ணும் உள்ளே போனமாதிரி தெரியல. நல்லா இருக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். எல்லோருக்கும் கால் உதறிவிட்டது. என்னைத் தவிர. எனக்கு ஏற்கெனவே ஒடிந்திருந்தது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். நான் யோசித்துச் சொன்னதில்லை. இரண்டு வருடம், தினமும் இரண்டு வேளை சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்துபோனது, நிம்மதியில் தானாக வந்துவிட்டது. பேத்திக்கு முன்னால் குனிந்து, டார்ச் அடிக்கிற பாவனையோடு கேட்டேன்.

"முழுங்கிட்டீங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே கொஞ்சம் பார்த்தாள். பிறகு வாயை அகலமாக, ரொம்ப அகலமாகத் திறந்து, பல் முளைக்காத ஈறு முழுவதையும் காட்டிக்கொண்டு, நான் எட்டிப் பார்த்து முடிக்கும்வரை அப்படியே பொறுத்திருந்தாள்.

மூடினாள். டக்.

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.